அது வரும் இடம்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வீட்டில் உன்னைத் தவிர எல்லோரும் நலமாக இருக்கிறார்கள். அவர்கள் நலமாக இருப்பதே உன்னைப் பிழிந்துதான். இதை நான் யூகித்து எழுதவில்லை. போன வாரம் உன் வீட்டில் தங்கியிருந்து கண்ணால் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் நீ சமையலறைக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாய். முகமெல்லாம் வியர்வை. யாரோ தண்ணீருக்குள் தலையை அமுக்கிப் பிடித்த மாதிரி மூச்சுக்குத் தவித்தாய். உள் அறையிலிருந்து உன் மாமியார், "தண்ணி கேட்டு எவ்வளவு நேரமாச்சு?" என்கிறார். கூடத்திலிருந்து உன் வீட்டுக்காரர், என் அருமை மாமா, "என்ன அங்க?" என்கிறார். அதற்கு நீ, "ஒண்ணுமில்லைங்க, தட்டு விழுந்துடுச்சு" என்றாய். எந்தத் தட்டும் விழவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாய். திரும்பி வந்து என்னிடம், "யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காதடி" என்றாய்.

அம்மாவுக்கு வந்த 'அது'தானே இது? அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போதெல்லாம் அப்பா பேப்பரை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கிக்கொள்வார். "அம்மாவுக்கு அது வந்துடுச்சு" என்று சொல்லிக்கொண்டு நாம் இருவரும் வெளியே விளையாடப் போய்விடுவோம். அம்மா சாகும்வரை அதற்கு ஒரு பேர் கண்டுபிடிக்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை.

போனில் கேட்கலாமென்றால் மாமா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். அதனால்தான் உன் பஸ் டிப்போ முகவரிக்கு எழுதுகிறேன். எப்போதிலிருந்து வருகிறது? மறைக்காமல் எழுது.

பாப்பாவுக்கு முத்தம். உன் மாமியாரின் முழங்கால் வலியை விசாரிக்க வேண்டும். விசாரித்துவிட்டேன்.

உன் தங்கை,
எலி


பிப்ரவரி 23

செல்ல எலிக்கு அக்கா எழுதுவது.

இங்கே யாருக்கும் ஒரு குறையும் இல்லை. உனக்கு ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? நாள் முழுக்க ஆஸ்பத்திரி லேபில் ஊரார் ரத்தத்தையும் மூத்திரத்தையும் பார்த்துவிட்டு எப்படித்தான் சாப்பிடுகிறாயோ.

உன் கடிதத்தை டீ குடித்துக்கொண்டே படித்தேன். என் கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றான். எந்நேரமும் வாயைப் பிளப்பதால் டிப்போவில் எல்லோருக்கும் அவன் கொட்டாவிதான். "என்னக்கா, லவ் லெட்டரா?" என்றான். "மிரட்டல் லெட்டர்டா" என்றேன்.

நீ பயப்படுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை. அது வரும், கொஞ்ச நேரம் இருக்கும், போய்விடும். பாப்பா பிறந்த பிறகுதான் முதலில் வந்தது. "புள்ள பெத்த உடம்பு அப்படித்தான் இருக்கும்" என்று அத்தை சொன்னார்கள். அப்புறம் கொஞ்ச காலம் காணவில்லை. இப்போது மாதவிலக்குக்கு முந்தைய வாரம் கொஞ்சம் கூடுதலாக வருகிறது. அம்மாவுக்கு மாதவிலக்கு நிற்கிற வயதில் அது அதிகமானதே, ஞாபகம் இருக்கிறதா?

அதை விடு. நேற்று ஒரு பெரியவர் வண்டியில் ஏறினார். என்னைப் பார்த்ததும் ஏறின காலை மறுபடி கீழே வைத்துவிட்டார். "பொம்பளையா ஓட்டுது?" என்று கேட்டார். கொட்டாவி சும்மா இருப்பானா? "பிரேக்குக்கு ஆம்பளை பொம்பளை தெரியாது பெரியவரே, ஏறுங்க" என்றான். இறங்கும்போது அவரே என் ஜன்னல் பக்கம் வந்து, "நல்லாத்தான்மா ஓட்டற" என்று திட்டுகிற குரலில் சொல்லிவிட்டுப் போனார். வண்டி பாலத்தில் ஏறும்போது ஒரு காற்று உள்ளே வரும் பார், அதற்காகவே சம்பளம் வாங்காமல் ஓட்டலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். என்னைப் பற்றி யோசித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

அக்கா


மார்ச் 15

அக்காவுக்கு,

நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன், நன்றாகக் கோபப்படுகிறேன். 

எங்கள் ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார். கேண்டீனில் அவரைப் பிடித்தேன். யாருக்கு என்று சொல்லாமல்தான் ஆரம்பித்தேன். "உங்க அக்காவா?" என்று அவரே கேட்டுவிட்டார்.

இந்தப் பதற்ற நோய் ஆண்களைவிடப் பெண்களுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வருகிறதாம். உடம்புக்கு அதில் பங்கு உண்டு. மாதவிலக்குக்கு முன்னால், பிரசவத்துக்குப் பின்னால், விலக்கு நிற்கிற வயதில் ஹார்மோன்கள் ஏறி இறங்கும். சிலருக்கு மூளை அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்காமல் ஆபத்து வந்துவிட்டதாக மணி அடித்துவிடுகிறது. அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வர வாய்ப்பு கூடுதல். இதுவரைக்கும் எனக்குப் புரிந்தது. அப்புறம் அவர் டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு, "உங்க அக்காவுக்கு வீட்ல உக்கார ஒரு இடம் இருக்கா?" என்று கேட்டார். "உடம்பு பாதிதான்மா. அது எங்க வருது, எப்ப வருது, யார் இருக்கும்போது வருதுன்னு கேளுங்க. நீங்களா முடிவு பண்ணாதீங்க" என்றார்.

கேட்பதற்கு என்ன இருக்கிறது? எனக்கே தெரிகிறதே. விடிவதற்குள் டிப்போ, காலடியில் கொதிக்கிற என்ஜின், வாய்க்கு வந்ததைப் பேசுகிற கூட்டம். பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை இல்லாததால் நீ மதியம்வரை தண்ணீரே குடிப்பதில்லை என்று பாப்பா என்னிடம் சொன்னாள். இப்படி ஓட்டினால் யாருக்குத்தான் நெஞ்சு அடைக்காது?

முதலில் தைராய்டும் இ.சி.ஜி.யும் எடுத்துப் பார். தள்ளிப்போடாதே.

எலி


ஏப்ரல் 9

எலிக்கு,

உன் சளி சரியாகிவிட்டதா? கடிதத்தில் எப்படித் தெரிந்தது என்று யோசிக்காதே, உனக்கு ஏப்ரலில் சளி பிடிக்கும்.

நீ சொன்னபடி எல்லாம் எடுத்தாகிவிட்டது. உன் மாமாதான் கூட்டிக்கொண்டு போனார். தைராய்டு சரியாக இருக்கிறது, இதயம் சரியாக இருக்கிறது. இங்கே இருக்கிற டாக்டர் பேப்பரைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணும் இல்லைம்மா. சும்மா எதையாவது நினைச்சுக்கிறீங்க. பொம்பளைங்களுக்கு எதுக்கு இந்த டிரைவர் வேலை?" என்று கேட்டார். வீட்டுக் கதவைத் திறந்ததும் உன் மாமா, "டெஸ்ட்டுக்கு ஆன செலவுக்கு ஒரு வியாதியாவது கண்டுபிடிச்சிருக்கலாம்" என்று அத்தையிடம் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த டாக்டரம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். எனக்கு உட்கார இடம் இருக்கிறது என்றும் சொல். தரையிலிருந்து நல்ல உயரத்தில், கண்ணாடிக்குப் பக்கத்தில். அங்கே உட்கார்ந்துவிட்டால் யாரும் என்னைத் தண்ணீர் கேட்க முடியாது. 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்று தலைக்கு மேலே எழுதிக்கூட வைத்திருக்கிறார்கள்.

இதற்குக் கீழே இரண்டு வரி எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க முயற்சி பண்ணாதே, உன்னை எனக்குத் தெரியும்.

பாப்பா வகுப்பில் முதலாவது. ஆனால் நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் புண்.

அக்கா


மே 2

அக்காவுக்கு,

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. ரத்தம்தான் கொதிக்கிறது.

'எதையாவது நினைச்சுக்கிறீங்க' என்றானா அந்த ஆள்? நானும் தினமும் ரிப்போர்ட் அடிக்கிறவள்தான். எல்லாம் நார்மல் என்று நான் அடிக்கும் பேப்பரை வாங்கிக்கொண்டு எத்தனை பெண்கள் அழுகிற முகத்தோடு போகிறார்கள் தெரியுமா? வியாதி இல்லை என்றதும் சந்தோஷம்தானே பட வேண்டும் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ சிரித்து மழுப்புகிறாய். உட்கார இடம் கேட்டால் டிரைவர் சீட்டைச் சொல்லிக் கேலி பண்ணுகிறாய். அம்மாவும் இப்படித்தான் சிரித்து மழுப்பினாள். நான் அப்பா மாதிரி பேப்பரைத் தூக்கிக்கொண்டு உட்காரப் போவதில்லை.

அதனால் நேற்று உன் டிப்போ மேனேஜருக்கு எழுதிவிட்டேன். மூன்று பக்கம். பெண் ஊழியருக்குக் கழிப்பறை இல்லை, ஓய்வறை இல்லை, ஷிஃப்ட் மாற்றம் இல்லை என்று ஒவ்வொன்றாக எழுதி, கடைசியில், "இந்தக் கொடுமையால் என் அக்காவுக்கு மூச்சுத் திணறுகிறது, நெஞ்சு அடைக்கிறது. அவளுக்கு ஏதாவது ஆனால் உங்கள் நிர்வாகம்தான் பொறுப்பு" என்று முடித்திருக்கிறேன். மேலிடத்துக்கும் ஒரு நகல் போயிருக்கிறது. இனி அவர்கள் தட்டிக் கழிக்க முடியாது.

உன்னிடம் முதலிலேயே சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். அதனால்தான் சொல்லவில்லை. திட்டி ஒரு கடிதம் எழுது, வாங்கிக்கொள்கிறேன்.

எலி


ஜூன் 11

அக்காவுக்கு,

நீ சுகமா? ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, திட்டுக்கூட வரவில்லை. போன் அணைத்தே கிடக்கிறது. மாமா போனில், "வேலையா இருக்கா, அப்புறம் பேசுவா" என்கிறார். மேனேஜர் ஏதாவது செய்தாரா? ஒரு வரியாவது எழுது.

எலி


ஜூலை 6

எலிக்கு,

நீ சௌக்கியமாக இரு. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இனி டிப்போவுக்கு எழுதாதே. நான் அங்கே இல்லை.

உன் கடிதம் போய்ச் சேர்ந்த வாரமே மேனேஜர் கூப்பிட்டார். ஆபீஸில் எல்லோரும் இருக்கும்போது கடைசிப் பக்கத்தை மட்டும் சத்தமாகப் படித்தார். "தங்கச்சி நல்லா எழுதுதும்மா. படிச்ச புள்ள. ஆனா நீயே சொல்லு, மூச்சடைக்கிற ஆளை நம்பி அறுபது உசுரை எப்படிக் குடுக்கறது?" என்றார். கெட்ட மனுஷன் இல்லை, அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். வண்டிச் சாவியை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். கொட்டாவி வாசல்வரை வந்தான். அன்றைக்கு அவன் கொட்டாவியே விடவில்லை.

மருத்துவக் குழு பார்த்துச் சான்று கொடுத்தால் திரும்ப எடுத்துக்கொள்வார்களாம். உன் மாமா, "எதுக்கு நாலு பேர் முன்னாடி நின்னு பைத்தியம்னு பேர் வாங்கணும்? வீட்ல நிம்மதியா இரு" என்கிறார். ராஜினாமாக் கடிதத்தை அவரே எழுதி வைத்திருக்கிறார். கையெழுத்துதான் நான் போட வேண்டும்.

இத்தனை வருஷம் ஓட்டினேன், எலி. மழையில் ஓட்டினேன், கல்லடியில் ஓட்டினேன், பாப்பாவைச் சுமந்துகொண்டு ஏழு மாதம்வரை ஓட்டினேன். வண்டியில் ஒரு தடவைகூட எனக்கு அது வந்ததில்லை. காலையில் சாவியைப் போட்டு என்ஜின் உறுமியதும் நெஞ்சு தானாக அடங்கிவிடும். நான் எழுதினேனே. நீ கேலி என்று நினைத்துவிட்டாய்.

டிப்போவில் பெண்களுக்குக் கழிப்பறை கட்ட ஆரம்பித்துவிட்டார்களாம். மேலிடத்திலிருந்து உத்தரவாம். நல்ல காரியம்தான். போவதற்கு அங்கே வேறு பெண் யாரும் இல்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ஜூலை 24

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

'எங்க வருதுன்னு கேளுங்க' என்று டாக்டரம்மா சொன்னார். கேட்கச் சொன்னதை உனக்கு எழுதினேன், கேட்கவில்லை. உன் பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். உட்கார இடம் எதுவென்று நீ தெளிவாக எழுதியிருக்கிறாய். ஊரெல்லாம் பெண் சொல்வதை யாரும் காதில் வாங்குவதில்லை என்று கத்துகிறேன். நான் என்ன வாங்கினேன்?

கையெழுத்துப் போடாதே. மேனேஜருக்கு மறுபடி எழுதினேன், "சான்று கொண்டுவரட்டும், பார்க்கலாம்" என்று மட்டும் பதில் வந்திருக்கிறது. டாக்டரம்மாவிடம் எல்லாம் சொன்னேன். என்னைத் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். இது குணமாகக்கூடியதுதான் என்கிறார். மாத்திரையும் உண்டு, வாரம் ஒரு முறை உட்கார்ந்து பேசுகிற சிகிச்சையும் உண்டு. சரியாகிவிட்டால் வண்டி ஓட்டத் தடையில்லை என்று சான்று தருவாராம். இங்கே வந்து என்னோடு தங்கு. ஹாஸ்டலை விட்டு ஒரு அறை பார்க்கிறேன்.

இப்போது கேட்கிறேன். அது எங்கே வருகிறது அக்கா?

எலி


செப்டம்பர் 3

எலிக்கு,

நீ நல்லா இருக்கிறாயா? உன் கடிதத்தை உன் மாமா முதலில் படித்தார். பிறகு சாப்பிடும்போது எல்லோருக்கும் படித்துக் காட்டினார். 'நான் என்ன வாங்கினேன்?' என்ற இடத்தில் அத்தை, "இப்பவாவது புத்தி வந்துச்சே" என்றார்கள். பகலில் என்னை எட்டிப்பார்க்க வரும் கொட்டாவியிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்து அனுப்புகிறேன். நீயும் அவன் வீட்டு முகவரிக்கே எழுது.

அவர் அடிப்பதில்லை. அப்படி நினைத்து யாருக்கும் எழுதிவிடாதே, இன்னொரு கடிதத்தை நான் தாங்க மாட்டேன்.

அது சாயங்காலம் வரும். வாசல் பூட்டில் அவர் சாவி திரும்புகிற சத்தத்துக்கு வரும். செருப்பைக் கழற்றி எப்படிப் போடுகிறார் என்பதை வைத்தே அன்றைக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்துவிடும். பெரிதாக ஒன்றும் நடக்காது. கேள்விதான். "டூட்டி எத்தனை மணிக்கு முடிஞ்சுது? அப்புறம் எங்க போன? கண்டக்டர்கூட என்ன சிரிப்பு? பருப்புல ஏன் உப்பில்லை?" எல்லாம் மெதுவான குரலில்தான் இருக்கும். பதில் சொல்லச் சொல்ல அடுத்த கேள்வி. வெளியே யாரிடம் போய், என் புருஷன் கேள்வி கேட்கிறார் என்று முறையிடுவது? சிரிக்க மாட்டார்களா?

முன்னாலெல்லாம் பகல் என்னுடையதாக இருந்தது. இப்போது பகலிலும் வருகிறது. போன வாரம் எதிர்க்கடைக்குப் போக ரோட்டைக் கடக்க முடியவில்லை. அவ்வளவு பெரிய பஸ்ஸை அந்த ரோட்டில் திருப்பியவள், பையை வைத்துக்கொண்டு ஓரத்திலேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

பாப்பா பள்ளியிலிருந்து வந்ததும் முதலில் என் முகத்தைப் பார்க்கிறாள். பிறகு புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு வாசல் பக்கமே காது கொடுத்து உட்கார்ந்திருக்கிறாள். நேற்று, "அம்மா, எனக்கு இங்க டபடபன்னு அடிக்குது" என்று என் கையை எடுத்து அவள் நெஞ்சில் வைத்தாள். "மாடிப்படி ஏறி வந்தேல்ல, அதான்" என்றேன்.

எங்கள் வீட்டில் மாடிப்படி இல்லை, எலி.

அக்கா


செப்டம்பர் 21

அக்கா,

நலம் விசாரிப்பதை நேரில் வைத்துக்கொள்ளலாம்.

அறை பார்த்துவிட்டேன். சின்னதுதான், ஆனால் ஜன்னல் ரோட்டைப் பார்த்து இருக்கிறது, நாள் முழுக்க பஸ் போகும். பாப்பாவுக்குப் பக்கத்துப் பள்ளியில் இடம் கேட்டிருக்கிறேன். டாக்டரம்மா அடுத்த மாதம் முதல் செவ்வாய்க்கிழமை நேரம் ஒதுக்கியிருக்கிறார். பாப்பாவையும் பார்க்கிறேன் என்றார். இந்த வயதிலேயே பார்த்துவிட்டால் பெரிதாகாமல் தடுக்கலாமாம். நமக்கெல்லாம் யாரும் அப்படிச் செய்யவில்லை.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் இரண்டு பேரும் ஏறுங்கள். லைசென்ஸை எடுத்துக்கொள். வேறு எதுவும் வேண்டாம். கொட்டாவி ரோட்டைக் கடத்திவிட்டு வண்டியில் உட்காரவைப்பான். அவனிடம் பேசிவிட்டேன். "எங்க அக்காவைப் பயணி சீட்ல உக்காரவைக்கிறதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு" என்றான். நான் நிலையத்தில் நிற்பேன்.

இந்த முறை உன்னைக் கேட்காமல் எதையும் செய்ய மாட்டேன். வருகிறாயா என்று எழுது. வேண்டாமென்றால் அதையும் எழுது.

எலி


அக்டோபர் 12

அன்புள்ள மைத்துனிக்கு,

இங்கு யாவரும் சௌக்கியம். தாங்களும் அவ்வாறே இருப்பீர்கள் என நம்புகிறேன்.

கண்டக்டர் மூலம் தாங்கள் அனுப்பிய கடிதம் என் கைக்குக் கிடைத்தது. குடும்பப் பெண்ணுக்கு வேற்று ஆள் வழியாகக் கடிதம் அனுப்புவது முறையா என்று தாங்களே யோசித்துப் பாருங்கள். அந்த ஆளிடம் இனி இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

தங்கள் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்பதை முதலில் வெளியுலகுக்கு எழுத்து மூலம் தெரிவித்தது தாங்கள்தான். அதன்படியே அவளுக்குப் பூரண ஓய்வு கொடுத்திருக்கிறேன். ராஜினாமா ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. வெளியே போனால் மூச்சுத் திணறுகிறது என்பதால் எங்கும் அனுப்புவதில்லை. கடிதங்கள் அவள் மனதைக் கலைக்கின்றன. எனவே இனி எழுத வேண்டாம் என்று அவளே சொல்லச் சொன்னாள். பாப்பா நன்றாகப் படிக்கிறாள்.

உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
மாமா


அக்டோபர் 17

மாமாவுக்கு,

நீங்கள் சௌக்கியம் என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை.

பதில் வராவிட்டாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து இருட்டும்வரை பஸ் நிலையத்தில் நின்றேன். செவ்வாய்க்கிழமை டாக்டரம்மாவின் அறைக்கு நான் மட்டும் போனேன். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். முடியவில்லை.

நான் எழுதிய மூன்று பக்கத்தில் உங்களுக்கு வேண்டிய ஒரு வரியை எடுத்து, அவளை வீட்டில் பூட்டிவைக்கப் பயன்படுத்திக்கொண்டீர்கள். அந்த வரியை எழுதிக் கொடுத்தவள் நான். அதை இனி அழிக்க முடியாது. என் மிச்ச வாழ்நாள் முழுக்க அது எனக்கு இருக்கும். ஆனால் அவள் வாயால் வராத எதையும் இனி நான் நம்ப மாட்டேன், என் மனதில் தோன்றுவது உட்பட. அக்கா எழுத வேண்டாமென்று சொல்லியிருந்தால் அதை அக்காவே எழுதட்டும். வர மாட்டேன் என்றால் அதையும் அவளே எழுதட்டும். பாப்பாவை மட்டும் அனுப்புகிறேன் என்றாலும் சரி, என்னைச் செத்துத் தொலை என்றாலும் சரி.

இந்தக் கடிதத்துக்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம். பேனாவை அவளிடம் கொடுங்கள்.